குரலை உயர்த்தாத அம்மா

பிள்ளைகளைத் தத்தெடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தங்க இடம் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பொகோட்டாவில், பழைய செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில், மாடியும் கீழுமாக ஆறு அறைகள். நீதிமன்றம் தீர்ப்பு எழுதி, பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை புது அப்பா அம்மாக்கள் வாரக்கணக்கில் இங்கேதான் கிடக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் என் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். இத்தாலிக்காரர்கள் அழுவார்கள், சிரிப்பார்கள், கேட்காமல் சமையலறைக்குள் புகுந்து பாத்திரங்களை இடம் மாற்றி வைப்பார்கள். இவர்களையெல்லாம் எனக்குச் சமாளிக்கத் தெரியும். ரொம்ப நல்லவர்கள் வந்தால்தான் என் பாடு திண்டாட்டம்.

பெரித்தும் ஹால்வாரும் ரொம்ப நல்லவர்கள். நார்வேயில் கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்தார்கள். அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறவள், அவன் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவன். அவனுக்கு எங்கள் ஸ்பானிஷ் ஒரு சொல்லும் வராது, புன்னகை மட்டும் வரும். அவள் இரண்டு வருடம் உட்கார்ந்து எங்கள் மொழியைப் படித்திருந்தாள். இலக்கணம் பிசகாது. பேசினால் பாதிரியார் பிரசங்கம் கேட்கிற மாதிரி இருக்கும். அது போதாமல் வந்தால் என்னிடம் ஆங்கிலத்துக்குத் தாவுவாள். இத்தனை வருடம் இந்தப் பிழைப்பில் இருந்ததில் எனக்கும் ஆங்கிலம் ஓரளவு வந்துவிட்டது.

அவர்களுக்குக் கிடைத்தவர்கள் அக்காவும் தம்பியும். யுர்லேடிக்கு ஒன்பது வயது, தெய்னருக்கு ஐந்து. மக்தலேனா ஆற்றங்கரையில் பூவேர்த்தோ லுசேரோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர்கள். பெற்றவள் செத்துப்போனாள், அப்பன் யாரென்று ஆற்றுக்குத்தான் தெரியும். பிறகு ஒவ்வொரு வீடாக மாறி மாறி வளர்ந்த பிள்ளைகள்.

பெரித் அவளுடைய ஊரில் ஒரு வகுப்புக்குப் போயிருந்தாள். தத்தெடுப்பதற்கு முன் அங்கே அதெல்லாம் கட்டாயமாம். வாயைத் திறந்தால் "எங்கள் வகுப்பில்" என்றுதான் ஆரம்பிப்பாள். பிள்ளைகளிடம் குரலை உயர்த்தக் கூடாது, வகுப்பில் சொன்னார்கள். பிள்ளைகளின் வேர்களை அறுக்கக் கூடாது, அதுவும் வகுப்பில் சொன்னார்கள். இந்த இரண்டையும் அவள் பைபிளாகப் பிடித்துக்கொண்டாள்.

வேர்கள் விஷயத்தில் முதலில் மாட்டியது என் அடுப்பு. பிள்ளைகளின் சொந்தச் சாப்பாட்டைத் தன் கையால் சமைத்துப் போட வேண்டும் என்று கிளம்பினாள். அஹியாகோ செய்யக் கற்றுக்கொடு என்றாள். உருளைக்கிழங்கு, கோழி, சோளம் எல்லாம் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுகிற சூப் அது. குளிருக்கு இதம். ஆனால் அது இந்த மலைமேட்டுக்காரர்களின் சாப்பாடு. வேர்த்துக் கொட்டும் ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு மீன்தான் சாப்பாடு.

"பெரித், இது அவங்க ஊர்ச் சாப்பாடு இல்லம்மா" என்றேன்.

"ஆனால் இது கொலம்பியாவின் உணவு அல்லவா?" என்றாள், அந்தச் சுத்தமான மொழியில்.

அகப்பையை அவள் கையில் கொடுத்தேன். அடுத்த நாள் சந்தைக்குப் போய் இரண்டு ருவானா வாங்கி வந்தாள். மலை மேலே ஆடு மேய்க்கிறவர்கள் குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் முரட்டுக் கம்பளி. பிள்ளைகளின் தலை வழியாக மாட்டிவிட்டு, "உங்கள் முன்னோர்களின் ஆடை" என்று கண் கலங்கினாள். ஹால்வார் போட்டோ எடுத்தான். அந்தப் பிள்ளைகளின் முன்னோர்கள் சட்டையே போட்டிருக்க மாட்டார்கள், அந்த வெயிலில்.

யுர்லேடி எதற்கும் முகம் சுளிக்கவில்லை. சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கம்பளியைக் கழற்றவே இல்லை. "நன்றி, மேடம்" என்றாள். கேட்டதற்கெல்லாம் சரி மேடம், நல்லா இருக்கு மேடம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். படுக்கையைத் தட்டி மடித்தாள். என்ன அடக்கமான பிள்ளை என்று பெரித் பூரித்துப் போனாள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை அடம் பிடிக்கவில்லை என்றால் அது விருந்தாளியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் விடியற்காலையில் துவைக்கிற தொட்டிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், இந்தக் குளிரில், யுர்லேடி தம்பியின் போர்வையை அலசிக்கொண்டிருக்கிறாள். கை இரண்டும் சிவந்து விறைத்திருந்தன.

"என்னடி பண்ற?"

"தம்பி நனைச்சுட்டான் தோன்யா." எல்லாரும் என்னைத் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மா என்கிற மாதிரி ஒரு மரியாதை. "மேடத்துக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அவனை வேணாம்னுடுவாங்க."

"அடிப்பாவி, அதுக்கெல்லாமா வேணாம்பாங்க? மெஷின் இருக்கில்ல, அதுல போட வேண்டியதுதானே?"

"மெஷின் சத்தம் போடும்" என்றாள்.

அந்த வாரமே தெய்னர் என் பெரிய சூப் பாத்திரத்தைப் போட்டு உடைத்தான். என் அம்மா சீதனமாகக் கொடுத்த பீங்கான். பெரித் ஓடி வந்தாள். அவன் முன்னால் மண்டியிட்டாள், கண்ணோடு கண் பார்த்தாள், மெல்லிய குரலில் சொன்னாள்: "நீ கோபமாக இருக்கிறாயா, தெய்னர்? உன் கோபத்துக்கு இந்தக் குடும்பத்தில் இடம் உண்டு."

அவனுக்கு என்ன கோபம்? கை வழுக்கிவிட்டது. திருதிருவென்று விழித்தான். யுர்லேடியின் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குத்தான் கோபத்துக்கு இடம் வேண்டியிருந்தது. "அடேய் எருமை! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? போய்த் தொடப்பத்தை எடுத்துட்டு வாடா, கால்ல குத்திக்கப் போற!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். பையனுக்கு உயிர் வந்தது. சிரித்துக்கொண்டே தொடப்பத்தை எடுக்க ஓடினான். பெரித் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வருத்தம்.

அன்று மாலை யுர்லேடி என்னோடு உட்கார்ந்து பட்டாணி உரித்தாள்.

"தோன்யா, மேடம் ஏன் எங்களைத் திட்டவே மாட்டேங்குறாங்க?"

"நல்லதுதானே? திட்டு வாங்க ஆசையா உனக்கு?"

"கிளாதிஸ் அத்தையும் கடைசி வாரம் திட்டவே இல்ல."

கிளாதிஸ் யார் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. இதற்கு முன் இந்தப் பிள்ளைகளை வளர்த்தவள். அவளிடம் இரண்டு வருடம் இருந்தார்களாம். தினமும் திட்டுவாளாம், காதைத் திருகுவாளாம், ராத்திரி கட்டிக்கொண்டு தூங்குவாளாம். பிறகு அவளுக்கே ஒரு பிள்ளை உண்டாயிற்று. அந்தக் கடைசி வாரம் குரல் தேனாக மாறிவிட்டது. உடைத்தாலும் கொட்டினாலும் ஒரு சொல் இல்லை. ஒருநாள் காலையில் புதுக் கவுன் போட்டு, தலையை இறுக்கிப் பின்னி, துணியெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்து, ஆத்துப் பக்கம் சுத்திப் பார்க்கப் போகலாம் வா என்று கூட்டிப் போனாள். பிள்ளைகள் நல அலுவலகத்து வாசலில் விட்டுவிட்டு, இதோ வந்துடறேன் என்று போனவள்தான்.

"இவங்க அப்படி இல்லடி" என்றேன். "ஜட்ஜ் தீர்ப்பு எழுதியாச்சு. பேப்பர்ல இருக்கு. இனி அவங்கதான் உன் அம்மா அப்பா."

"கிளாதிஸ் அத்தைகிட்டயும் பேப்பர் இருந்துச்சு தோன்யா" என்று அடுத்த பட்டாணியை எடுத்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் பெரித் கையைத் தட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். பாஸ்போர்ட் வர இன்னும் நாள் ஆகுமாம். அதற்குள் பிள்ளைகளை அவர்கள் பிறந்த ஊருக்குக் கூட்டிப்போய், பிறந்த மண்ணைக் காட்டி, முறையாக விடைபெற வைக்க வேண்டுமாம். வகுப்பில் இதற்கு வேர்ப்பயணம் என்று பெயராம். பூவேர்த்தோ லுசேரோவின் கலை மன்றத்துக்கு ஏற்கனவே எழுதிப் போட்டு, வரவேற்புக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். மொழிபெயர்க்க நானும் கூட வர வேண்டும்.

யுர்லேடி அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டது ஒரே கேள்வி: "பெட்டி எடுத்துட்டுப் போகணுமா மேடம்?"

"ஆம், கண்ணே. உன் உடைமைகள் உன்னிடமே இருக்க வேண்டும். அது உன் உரிமை" என்றாள் பெரித்.

மறுநாள் பெரித் பிள்ளைகளின் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் திறந்து வைத்தாள். துணிகளை ஒவ்வொன்றாக நீவி மடித்தாள். புதிதாக ஒரு வெள்ளைக் கவுன் வாங்கியிருந்தாள். யுர்லேடியைக் கண்ணாடி முன் உட்கார வைத்து, எங்கள் பெண்கள் பின்னுகிற மாதிரியே இறுக்கிப் பின்னிவிட்டாள். யாரிடமோ போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம். கண்ணாடியில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

பெரித்தைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். கிளாதிஸ், கவுன், பின்னல், பெட்டி, ஆற்றுப் பயணம். "திருப்பி விடத்தான் கூட்டிட்டுப் போறீங்கன்னு நெனைக்கிறா. இந்தப் பயணமே வேணாம். இல்லன்னா பெட்டியையாவது இங்க விட்டுட்டுப் போங்க."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் தளும்பியது. "எங்கள் வகுப்பில் இதைத்தான் சொன்னார்கள். வேர்களைச் சந்திக்கும் முன் குழந்தைக்கு அச்சம் வரும். அதைத் தவிர்க்கக் கூடாது. நாம் துணை நிற்க வேண்டும்."

பிறகு யுர்லேடியிடம் போய் உட்கார்ந்து, அரைமணி நேரம், பிழையில்லாத மொழியில், தேன் குரலில், உன்னை ஒருபோதும் விட மாட்டோம் என்று சொன்னாள். அந்தத் தேன் குரலைக் கேட்கக் கேட்கப் பிள்ளையின் தோள் ஒடுங்கிக்கொண்டே போனது. "சரி மேடம். நன்றி மேடம்." நான் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

எவெலியோவின் வேனில் கிளம்பினோம். வருடக்கணக்காக என் வீட்டு விருந்தாளிகளை ஏற்றிச் செல்கிறவன் அவன், ஓயாமல் பேசுவான். மலையிலிருந்து இறங்க இறங்கக் குளிர் போய்ப் புழுக்கம் வந்தது. ஹால்வார் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். நான் விசிறிக்கொண்டேன். யுர்லேடி மட்டும் வெள்ளைக் கவுனுக்கு மேல் அந்தக் கம்பளியோடு நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தாள். வேர்வை கன்னத்தில் வழிந்தது.

"கழட்டேன்டி, வெந்துடுவ" என்றேன்.

"வேணாம் தோன்யா. மேடம் வாங்கிக் கொடுத்தது."

"பாருங்கள், தன் பண்பாட்டை எப்படிப் பற்றிக்கொண்டிருக்கிறாள்!" என்று பெரித் கணவனின் தோளில் சாய்ந்தாள்.

எவெலியோ கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "தோன்யா, இந்தம்மாவுக்கு நெசமாவே புரியலையா, இல்ல நம்மளை வெச்சு வேடிக்கை பண்றாங்களா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றேன்.

பூவேர்த்தோ லுசேரோவில் என்ன இருக்கிறது? ஒரு ஆறு, ஒரு கோவில், மீன் வறுக்கிற கடைகள், மூலைக்கு மூலை அலறுகிற ஸ்பீக்கர். கலை மன்றத்து நெபார்தோ வாத்தியார் சந்தைத் திடலில் தோரணம் கட்டி வைத்திருந்தார். பக்கத்தில் அகலப் பாவாடையும் தலையில் பூவுமாகப் பெண்கள், வெள்ளை உடையில் ஆண்கள், மேளம். அத்தனையும் கடற்கரைப் பக்கத்து ஆட்டம். இந்த ஊருக்கும் அதற்கும் எட்டு மணி நேரத் தூரம்.

"இது என்ன வாத்தியாரே, உங்க ஊர் ஆட்டமா இது?" என்று காதில் கேட்டேன்.

"எங்க ஊர்ல என்ன தோன்யா இருக்கு, மீனும் வெயிலும்தான்" என்றார், வேர்வையைத் துடைத்தபடி. "வெளிநாட்டுக்காரங்க பண்பாடு வேணும்னு எழுதிட்டாங்க. இல்லன்னு சொல்ல முடியுமா? பக்கத்து டவுன்லேர்ந்து துணி வாடகைக்கு எடுத்தோம். இந்தப் பசங்க ஒரு வாரமா யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க."

பெரித் கைகூப்பாத குறையாக நின்று பார்த்தாள். ஹால்வார் வீடியோ எடுத்தான். பிள்ளைகள் இருவரையும் முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அப்போதுதான் எதில்மா என்ற மீன்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யுர்லேடியின் முகவாயை மீன் நாற்றமடிக்கும் கையால் நிமிர்த்திப் பார்த்தாள்.

"அடி ஆத்தி, நம்ம மரியேலாவோட மக! திரும்பக் கொண்டாந்து விட்டுட்டாங்களா கண்ணு? நல்லதாப் போச்சு. இங்கயே இரு, நம்ம ஊரு இருக்கறப்ப எதுக்கு வெளிநாடு?"

"ஏய், வாயை மூடு!" என்று நான் பாய்ந்தேன். மேளச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. யுர்லேடி எதில்மாவைப் பார்த்து அடக்கமாகத் தலையை ஆட்டினாள். எல்லாம் தெரிந்த ஒன்றுதான் என்கிற மாதிரி.

நெபார்தோ வாத்தியார் பெரித்தை ஆடக் கூப்பிட்டார். அவள் வெட்கப்பட்டுப் போனாள். ஹால்வாரையும் இழுத்தார்கள். நான் எதில்மாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டேன். திரும்பி வந்து பார்த்தால் முன்வரிசையில் இரண்டு நாற்காலியும் காலி.

முதலில் யாரும் பதறவில்லை. ஐஸ் வாங்கப் போயிருக்கும் என்றார்கள். ஐஸ்காரனிடம் இல்லை. கோவிலில் இல்லை. எதில்மாவின் கடையில் இல்லை. பிறகு யாரோ ஒருவன் படித்துறைப் பக்கம் இரண்டு பிள்ளைகளைப் பார்த்ததாகச் சொன்னான். அவ்வளவுதான்.

மேளம் நின்றது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டக்காரிகள் கரை நெடுகிலும் ஓடினார்கள். மீன்காரர்கள் படகை அவிழ்த்தார்கள். இத்தனை வாரம் புன்னகையைத் தவிர எதையும் காட்டாத ஹால்வார் காலணியோடு, சட்டையோடு, கையிலிருந்த போனோடு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான். கலங்கிய பழுப்பு நீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே போனான். அதைப் பார்த்த பிறகு நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

பெரித் கத்தவில்லை. அவளுக்குக் கத்த வராது. "யுர்லேடி... தெய்னர்..." என்று அந்த மெல்லிய குரலிலேயே ஒவ்வொரு படகாகக் குனிந்து பார்த்தாள். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. முழங்கால் வரை சேறு. வகுப்பில் இதற்கு எதுவும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

எவெலியோதான் ஹாரன் அடிக்கலாம், சத்தம் கேட்டாவது வருவார்கள் என்று வேனுக்கு ஓடினான். போனவன் அங்கிருந்தே கூச்சல் போட்டான்: "தோன்யா! இங்க வாங்க! சீக்கிரம் வாங்க!"

ஓடினோம். வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பெட்டிகளெல்லாம் இடம் மாறியிருந்தன. அவற்றுக்குப் பின்னால், இரண்டு கம்பளிகளையும் மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுருண்டு படுத்திருந்தார்கள். நல்லவேளை, வெயிலுக்காக எவெலியோ ஜன்னல்களைத் திறந்தே போட்டிருந்தான். இருந்தும் இரண்டு பேரும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள். யுர்லேடியின் கை தம்பியின் வாயைப் பொத்தியிருந்தது.

பெரித்தைப் பார்த்ததும் யுர்லேடி எழுந்து உட்கார்ந்தாள். வெள்ளைக் கவுனெல்லாம் கிரீஸ். ஆற்றங்கரைப் பேச்சில் மூச்சு விடாமல் கொட்டினாள்.

"மேடம், மேடம், ப்ளீஸ், நாங்க இங்கயே பெட்டியோட பெட்டியாப் படுத்துக்கறோம். எடத்தை அடைக்க மாட்டோம். பொகோட்டா போய்ச் சேர்ற வரைக்கும் பார்க்காத மாதிரி இருந்துடுங்க. அங்க போயிட்டா மறுபடி இவ்ளோ தூரம் கொண்டாந்து விட உங்களுக்கும் அலுப்பா இருக்கும். தம்பி இனிமே படுக்கையை நனைக்க மாட்டான். நனைச்சாலும் நான் தொவைச்சுடுவேன், மெஷின் வேணாம். ஒருத்தரைத்தான் கூட்டிட்டுப் போக முடியும்னா அவனைக் கூட்டிட்டுப் போங்க. அவன் சின்னவன், சீக்கிரம் மறந்துடுவான்."

எவெலியோ திரும்பி நின்றுகொண்டான். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். ஆனால் பெரித் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

அப்புறம் அவள் கத்தினாள்.

மாதாவே, என்ன கத்து! சந்தைத் திடல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாய் ஒன்று எழுந்து ஓடியது. அத்தனையும் நார்வே மொழி. எனக்கு அதில் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. எங்கடி போய்த் தொலைஞ்ச, உசுரே போயிடுச்சு எனக்கு, ஆத்துல விழுந்துட்டியோன்னு, அப்பா தண்ணியில நிக்கிறாருடி, புத்தி இருக்கா உனக்கு, எறங்கு கீழ, எறங்குன்னு சொல்றேன்ல. கத்திக்கொண்டே யுர்லேடியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அந்தக் கம்பளியைப் பிடுங்கி மண்ணில் எறிந்தாள். தெய்னரை ஒரு கையில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையால் யுர்லேடியின் முகத்தைத் தன் பாவாடையால் அழுத்தித் துடைத்தாள், அழுத்தின வேகத்தில் பிள்ளைக்குக் கன்னம் சிவந்தது. துடைத்துக்கொண்டே கத்தினாள்.

எதில்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "பெத்தவ மாதிரில்ல கத்துறா!" என்றாள்.

யுர்லேடி ஆடாமல் அசையாமல் நின்றாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணை எடுக்காமல் பெரித்தின் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை மட்டும் மெல்ல என் பக்கம் திருப்பினாள்.

"தோன்யா, என்னைத் திட்டுறாங்களா?"

"பின்னே, கொஞ்சுறாங்கன்னா நெனைச்ச?"

அவளுடைய முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்வது! இத்தனை வாரத்தில் அந்தப் பிள்ளைக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள் ஹால்வார் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான். மூன்று பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். எல்லாருடைய உடுப்பும் நாசமாயிற்று. நெபார்தோ வாத்தியார் மட்டும் என்னிடம் வந்து, மீதி ஆட்டத்தை ஆடலாமா, துணியைச் சாயந்தரம் திருப்பிக் கொடுக்கணும் என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் நகர்ந்துவிட்டார்.

திரும்புகிற வழியில் வறுத்த மீன் வாங்கிக்கொண்டோம். பிள்ளைகள் எண்ணெய் ஒழுகத் தின்றார்கள். வண்டி மலையேறத் தொடங்கியதும்தான் பெரித்துக்குத் தான் செய்தது என்னவென்று உறைத்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் படித்த ஸ்பானிஷ் முழுவதும் அன்று அவளைக் கைவிட்டுவிட்டது. விம்மி விம்மி ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னாள்.

"அவளிடம் சொல்லுங்கள். நான் தாயாக இருக்கத் தகுதியில்லாதவள். ஊரார் முன்னால் குழந்தையிடம் கத்திவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லுங்கள். இனி என் வாழ்நாளில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்த மாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன். தயவுசெய்து சொல்லுங்கள்."

யுர்லேடி மீன் முள்ளை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு போயிருந்தது. அழுகிற குரல் அவளுக்கு மறுபடி தேன் குரலாகக் கேட்டதோ என்னவோ.

"என்ன சொல்றாங்க தோன்யா?"

இத்தனை வருடம் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

"இன்னொரு தடவை இப்படிச் சொல்லாம கொள்ளாம ஒளிஞ்சேன்னா, இன்னைக்குக் கத்துனதெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆக்கிடுவாங்களாம்."

"எங்க?"

"எங்கன்னா?"

"எங்க வெச்சுக் கத்துவாங்க? நார்வேயிலயா?"

"நார்வேயிலதான். வேற எங்க? நீ வளர்ந்து, கல்யாணம் பண்ணி, உனக்குப் பிள்ளை பொறக்கற வரைக்கும் கத்துவாங்களாம். சத்தியம் பண்றாங்க."

அவள் எண்ணெய்க் கையை அந்த வெள்ளைக் கவுனில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கம்பளி அரிக்குதுன்னு சொல்லுங்க. அந்தச் சூப்பும் எனக்குப் பிடிக்கல, கொழகொழன்னு இருக்கு. பின்னலும் இழுக்குது, தலை வலிக்குது."

"என்ன சொன்னாள்?" என்றாள் பெரித், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இதை ஒரு சொல் விடாமல் அப்படியே மொழிபெயர்த்தேன். பெரித் அழுகையை நிறுத்தினாள். அவள் முகத்தில் ஏறிய கோபம் வகுப்பில் சொல்லித் தந்தது இல்லை. மூன்று வாரம் என் அடுப்பில் நின்று காய்ச்சிய சூப் அல்லவா! கணவனின் பக்கம் திரும்பி, நார்வே மொழியில், வேகமாக, கொஞ்சம் உரக்கவே ஏதோ பொரிந்தாள். அவன் சிரித்தான். சிரித்ததற்கு அவனுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

"இப்பவும் திட்டுறாங்களா தோன்யா?"

"ஆமா."

"சரி" என்றாள் யுர்லேடி. பின்னலைத் தானே அவிழ்த்துப் போட்டாள். பிறகு தம்பியை ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.